நாட்கூலி மேஸ்திரிமாரைப் பதிவு செய்யும் விஷயம்

நடவு காலம் நெருங்கியதும் நமது கிராமங்களில் விவசாயிகள் ஒருவரையொருவர் கண்டால் முதலிற் கேட்பது மழையைப் பற்றியன்று, "ஆள் கிடைத்ததா?" என்பதே. ஏரியில் நீர் நிற்கின்றது, நாற்று இருபத்தைந்து நாளைக் கடந்துவிட்டது, சேறடித்து மட்டப்படுத்திய கழனி காத்திருக்கின்றது, ஆளில்லை. இந்தக் குறையைத் தீர்ப்பவராக நம்மிடம் வந்து சேர்ந்திருப்பவரே ஆள் சேர்த்துவிடும் மேஸ்திரி. அவர் விஷயத்தில் சர்க்கார் ஓர் ஒழுங்கு ஏற்படுத்தவேண்டுமா, ஏற்படுத்துவதாயின் அதன் பாரம் யார்மேல் விழவேண்டும் என்பதைப் பற்றி என் அபிப்பிராயத்தை இங்கு எழுதத் துணிகின்றேன். நிலமுடையோர் எல்லோருக்கும் இது உவப்பாயிராது என்பதை அறிவேன். நானும் நிலமுடையோன்தான்.

மேஸ்திரி என்பவர் யாரென்று இந்தச் சஞ்சிகையின் நேயர்களுக்கு விளக்கவேண்டுவதில்லை. எனினும் ஏற்பாடு எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைச் சிறிது சொல்லவேண்டும். நெல் அறுவடையைப் பெரும்பாலும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. நடவு, களையெடுப்பு, வேர்க்கடலை பறித்து ஆய்தல், பூப்பறிப்பு, கரும்பு வெட்டு ஆகியவை இன்னும் மனிதர் கையிலேயே இருக்கின்றன. இவற்றிற்கு முதல்நாள் மாலை மேஸ்திரியைக் கைப்பேசியில் அழைத்து, "நாளைக்குப் பதினைந்து ஆள் வேண்டும்" என்று சொல்கின்றோம். மறுநாள் பொழுது புலர்வதற்கு முன் ஒரு ஷேர் ஆட்டோவிலோ சிறு லாரியிலோ பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்து இறங்குகின்றனர். வேலை முடிந்ததும் மேஸ்திரியின் கையிற் பணத்தைக் கொடுக்கின்றோம்; அல்லது கைப்பேசி வழியே அவர் கணக்கில் செலுத்திவிடுகின்றோம். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தரகு. வண்டிக்கு வேறு வாடகை. அந்தப் பதினைந்து பேரும் யார், எந்த ஊர், அவர்களுக்கு உண்மையிற் கிடைத்தது எவ்வளவு என்பதை நாம் கேட்பதில்லை. கேட்கவேண்டியதில்லை என்பதே இந்த ஏற்பாட்டில் நமக்குள்ள பெரிய சௌகரியம்.

கரும்பு வெட்டில் காரியம் இன்னும் ஒரு படி ஆழமானது. திருவாலங்காட்டிலுள்ள திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு பதிந்தோர், வெட்டு உத்தரவு வந்தவுடன் ஆட்கட்டு ஒன்றைப் பிடித்தாகவேண்டும். உத்தரவு ஒரு நாளைக்கு, ஆள் வேறொரு நாளைக்கு என்றால் கட்டை காய்ந்து எடை குறையும். ஆகையால் பருவம் தொடங்குவதற்கு முன்னரே மேஸ்திரி மூலம் முன்பணம் கைமாறுகின்றது. அம்முன்பணம் வெட்டுகிறவனுடைய கடனாக எழுதப்படுகின்றது. எழுதுகிறவர் மேஸ்திரி, புத்தகம் இருப்பதும் அவரிடமே.

மேஸ்திரியைத் தூற்றுவதற்காக நான் இதை எழுதவில்லை. அவரில்லாவிடில் சென்ற ஐந்தாறு வருஷங்களில் எனது பூமியிற் பாதி தரிசாகக் கிடந்திருக்கும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வீடு வீடாகச் சென்று ஆளெழுப்பி, வண்டி பேசி, ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மாற்றாள் தேடி, எட்டு மணிக்குள் கழனியிற் சேர்ப்பது எளிய காரியமன்று. அவருடைய உழைப்புக்குக் கூலியுண்டு. அதைக் கொடுக்கவேண்டியது நியாயமே. கேள்வி வேறு: அந்தக் கூலி யாருடைய பையிலிருந்து போகின்றது?

எனக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்லுகின்றேன். நடவுக்காக மூன்று நாள் பதினான்கு பெண்களை வைத்துக்கொண்டேன். ஆளுக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய் பேச்சு. மேஸ்திரிக்குத் தலைக்கு 30 ரூபாய் தரகும், வண்டி வாடகையும் தனியே கொடுத்தேன். மூன்றாம் நாள் மாலையே முழுத்தொகையும் மேஸ்திரியிடம் சேர்ந்துவிட்டது. நடவும் நன்றாக அமைந்தது. மூன்று வாரம் கழித்து அவர்களில் வயதான ஒரு பெண்மணி என் வீட்டு வாயிலில் வந்து நின்றார். நகரிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக, "அய்யா, மூணாம் நாள் கூலி நீங்க இன்னும் தரலேன்னு மேஸ்திரி சொல்றாரு" என்றார்.

முதலில் எனக்குக் கோபமே வந்தது. நான் கொடுத்துவிட்டேன், போய் அவரைக் கேள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். பிறகு திண்ணையில் உட்காரவைத்து விசாரித்தேன். முதல் இரண்டு நாட்களுக்கும் அவருக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு 260 ரூபாய். கூலி 300 என்று மேஸ்திரி சொல்லியிருக்கின்றார். அதிலும் வண்டிக்கு 40 ரூபாய் பிடித்திருக்கின்றார். நான் ஏற்கெனவே கொடுத்த வண்டி வாடகை அவரிடமிருந்து இரண்டாம் முறையாக வசூலாகியிருக்கின்றது. நான் 400 கொடுத்தேன் என்பதைக் கேட்டபொழுது அவர் முகத்தில் தோன்றிய ஆச்சரியத்தை நான் எளிதில் மறக்கமாட்டேன். அவருடைய ஒரு நாட்கூலியை அன்றே கொடுத்து அனுப்பினேன். மற்றைப் பதின்மூன்று பேருக்கும் கொடுக்க எண்ணினாலும் என்னாற் கூடவில்லை. ஏனெனில் என் சேற்றில் மூன்று நாள் குனிந்து நின்ற அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.

அந்த அம்மாள் என்னிடம் வராமல் சட்டத்திடம் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதைப் பார்ப்போம்.

இந்தியாவில் ஒப்பந்தத் தொழிலாளரைப் பற்றிய பிரதான சட்டம் 1970-ஆம் வருஷத்தில் இயற்றப்பட்டது. ஒப்பந்தக்காரர் லைசென்ஸ் பெறவேண்டும். கூலி பகிரும்பொழுது வேலை கொடுப்பவரின் பிரதிநிதி பக்கத்தில் இருந்து சான்று செய்யவேண்டும். ஒப்பந்தக்காரர் கொடுக்கத் தவறினால் வேலை கொடுத்தவரே கொடுத்துப் பின்னர் அவரிடம் வசூலித்துக்கொள்ளவேண்டும் என்பவை அதன் சாரம். விதிகள் நல்லவை. ஆனால் இருபது பேருக்குக் குறைந்த இடங்களுக்கு அது பொருந்தாது. விட்டுவிட்டு நடக்கும் வேலைக்கும், வருஷத்தில் அறுபது நாளைத் தாண்டாத பருவ வேலைக்கும் விலக்குண்டு. நடவுக்குப் பதினான்கு பேர், மூன்று நாள் என்றால் அச்சட்டத்தின் வாயில் ஒரு பருக்கையும் அகப்படாது. 1979-ஆம் வருஷத்தில், ஒரு மாநிலத்தில் ஆள் சேர்த்து மற்றொரு மாநிலத்துக்குக் கொண்டுபோவதைப் பற்றித் தனிச் சட்டம் வந்தது. இதில் எண்ணிக்கை ஐந்தாகக் குறைக்கப்பட்டது; ஆளுக்கு ஒரு கணக்குப் புத்தகமும், ஊர்விட்டு வந்தமைக்குத் தனிப்படியும் உண்டென்று விதிக்கப்பட்டது. இவ்விரண்டு சட்டங்களும், வேறு பலவும், 2020-ஆம் வருஷத்துத் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தினுள் அடக்கப்பட்டு, அது 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கின்றது. அதில் ஒப்பந்தத் தொழிலாளருக்கான எண் இருபதிலிருந்து ஐம்பதாகவும், வெளிமாநிலத்தாருக்கான எண் ஐந்திலிருந்து பத்தாகவும் உயர்ந்துள்ளன. பெரிய தொழிற்சாலைக்காரருக்கு இது என்ன அனுகூலத்தைத் தரும் என்பது இந்தச் சஞ்சிகைக்குப் புறம்பானது. கிராமத்து ஆட்கட்டுக்கோ சட்டத்தின் வலைக்கண் முன்னிலும் பெரிதாகிவிட்டது.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் விவசாயத்துக்கு 1948 முதலே உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்டு, கூலியைப் பற்றிய 2019-ஆம் வருஷத்துத் தொகுப்புச் சட்டத்திலும் உண்டு. ஆனால் நான் கொடுத்த கூலி குறைவானதன்று. வாய்க்காலின் தலைப்பில் நீர் சரியாகவே விடப்பட்டது. கடைமடைக்குப் போய்ச் சேரவில்லை. தலைப்பில் அளந்து பார்ப்பதால் மட்டும் கடைமடைக்காரனுக்கு என்ன பயன்?

திருத்தணிக்கு இந்த விஷயத்தில் இன்னொரு தனிச் சிக்கலும் இருக்கின்றது. 1960-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி இத்தாலுகா சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலானோர் நடத்திய கிளர்ச்சியை நம்மூர்ப் பெரியவர்கள் இன்னும் நினைவுகூர்வர். எல்லை பிரிந்தது, பெண் கொடுப்பதும் எடுப்பதும் பிரியவில்லை, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி வருவதும் பிரியவில்லை, கூலிக்கு வருவதும் போவதும் பிரியவில்லை. மலையடிவாரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் நகரி. காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பெண்களை "வெளிமாநிலத் தொழிலாளர்" என்று சொன்னால் அவர்களே சிரிப்பர். ஆனால் கூலி நின்றுபோகும் அன்று அவர்கள் வெளிமாநிலத்தாரே. வேலை நடந்தது இங்கே, ஆள் சேர்த்தது அங்கே, மேஸ்திரியின் வீடு எல்லைக்கு எந்தப் பக்கம் என்பது அவருக்கே அன்றைய சௌகரியத்தைப் பொறுத்தது. ஒரிசாவிலிருந்து ரயிலேறிச் செங்கற் சூளைக்கு வருகிறவனை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம், எல்லையோரத்து நாட்கூலிக்காரியைக் கண்டுகொள்ளவில்லை. அந்தச் சூளைக்காரனையும் அது முழுவதும் காப்பாற்றிவிடவில்லை. நமது திருவள்ளூர் ஜில்லாவின் சூளைகளிலிருந்து ஒடிசா மக்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்ட செய்தி ஒருமுறை வந்ததன்று. அண்மையில் மேற்கு வங்காளத்திலிருந்து நடவுக்கென்றே ஆண்கள் கூட்டமாக வருகின்றனர். அவர்களுடைய மொழி நமக்குத் தெரியாது. ஆகவே அவர்களுடைய மேஸ்திரியின் சொல்லே அவர்கள் சொல்லாகின்றது.

இதற்கு முன் நம் நாட்டில் இவ்விஷயம் எப்படிக் கையாளப்பட்டது என்பதைப் பார்ப்பது பயன்படும். 1859-ஆம் வருஷத்து 13-ஆவது ஆக்ட், முன்பணம் வாங்கி வேலைக்கு வராத கூலிக்காரனை மாஜிஸ்திரேட்டு மூலம் சிறைக்கனுப்ப இடங்கொடுத்தது. அறுபது வருஷத்துக்கு மேல் அது நடைமுறையில் இருந்து, 1925-ஆம் வருஷத்தில்தான் அதை நீக்கச் சட்டம் செய்யப்பட்டது. முன்பணம் கொடுத்தவனையோ, நடுவே கைமாற்றியவனையோ அது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாங்கினவனை மட்டுமே கேட்டது.

கங்காணி முறையில் அனுபவம் வேறு விதமானது. இலங்கைத் தோட்டங்களுக்கும் மலேயாவுக்கும் ஆள் சேர்த்த கங்காணி, இன்றைய மேஸ்திரியின் பாட்டனார் என்று சொல்லலாம். இலங்கையில் கங்காணிக்குத் தன்னுடைய ஆட்கள் வேலைக்கு வந்த நாளொன்றுக்குத் தலைக்காசு உண்டு. ஆளின் கடனைத் தீர்த்தால் அவனை விட்டுவிடுவதாகத் "துண்டு" எழுதிக்கொடுப்பார்கள். அத்துண்டைக் காட்டி வேறு தோட்டம் அக்கடனைக் கொடுத்து ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் தோட்டத்துக்குத் தோட்டம் பெருகிற்றேயன்றிக் குறையவில்லை. துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மலேயாவில் 1907-ஆம் வருஷத்தில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினர். ஆள் வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு முதலாளியும் அதற்கு வரி செலுத்தவேண்டும். கூலிக்காரனின் பிரயாணச் செலவு அதிலிருந்து கொடுக்கப்பட்டது. அது அவன் தலையிற் கடனாக ஏறவில்லை. ஆள் சேர்க்கும் செலவு ஆள் வைத்துக்கொள்பவனுடையது என்னும் கொள்கை, தோட்ட முதலாளிகளே ஒப்புக்கொண்டு நடத்திய கொள்கை என்பது கவனிக்கற்பாலது.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு இதில் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. மலேயாவுக்கு ஆள் சேர்க்கும் கங்காணி லைசென்ஸ் பெற்று வரவேண்டும்; சேர்த்த ஆட்களை அவரவர் கிராமத்து முன்சீபுக்குக் காட்டி, ஆட்சேபணை இல்லையென்று அவர் கையொப்பம் வாங்கவேண்டும். அதன்பின்னரே ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த டிப்போவுக்கு அழைத்துச் செல்லலாம். வட ஆர்க்காட்டிலிருந்து போனவர் பலர். அந்த முன்சீப் கையொப்பம் ஒருசமயம் ஆளைப் பாராமலும் போடப்பட்டிருக்கும், மனிதர் மனிதர்தாமே. ஆயினும் ஒரு பட்டியல் இருந்தது, அதில் ஒரு பெயர் இருந்தது. 1938-ஆம் வருஷத்தில் இந்திய சர்க்கார் மலேயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் குடியேற்றத்தைத் தடுத்தபொழுது அம்முறையும் முடிந்தது. முன்சீபு, கர்ணம் உத்தியோகங்களும் 1980-ஆம் வருஷத்தில் எடுபட்டு, அவ்விடத்தில் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். கடல் கடந்து போன கூலிக்காரனுக்கு இருந்த பெயர்ப்பட்டியல், நகரியிலிருந்து திருத்தணிக்கு வரும் கூலிக்காரிக்கு இன்று இல்லை.

இங்கிலாந்திலும் இந்தத் தொல்லை விவசாயத்தில்தான் முதலில் எழுந்தது. கிழக்கு மாகாணங்களில் பெண்களையும் குழந்தைகளையும் கூட்டமாக ஓட்டிச்சென்று பண்ணைகளுக்குக் களையெடுக்கவிடும் கூட்டத்தலைவர்கள் இருந்தனர். 1867-ஆம் வருஷத்தில் அவர்கள் லைசென்ஸ் பெறவேண்டுமென்று சட்டம் செய்தனர். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தை கூடாது. ஆணும் பெண்ணும் ஒரே கூட்டத்தில் கூடாது. எவ்வளவு தூரம் நடத்திச் செல்லலாம் என்பதை லைசென்ஸில் எழுதவேண்டும். சாராயம் விற்பவருக்கு இந்த லைசென்ஸ் கிடையாது. இந்தக் கடைசி விதியைச் செய்தவர்கள் கிராமத்தை நன்றாக அறிந்தவர்கள். நமது பக்கங்களில் கூலி எங்கே பகிரப்படுகின்றது, பகிர்ந்ததில் எவ்வளவு அங்கேயே நின்றுவிடுகின்றது என்பதை அறிந்தோர் இதைப் படித்துத் தலையசைப்பர்.

காலப்போக்கில் அச்சட்டம் மறக்கப்பட்டது. 2004-ஆம் வருஷம் பிப்ரவரி 5-ந் தேதி இரவு, மோர்காம் விரிகுடாவில் சிப்பி பொறுக்க விடப்பட்ட சீனத் தொழிலாளர் இருபத்துமூன்று பேர் கடலேற்றத்தில் அகப்பட்டு இறந்தனர். நாடே திடுக்கிட்டது. அதே வருஷத்தில் கூட்டத்தலைவர் லைசென்ஸ் சட்டம் நிறைவேறிற்று. விவசாயம், சிப்பி எடுத்தல், அவற்றின் விளைபொருளைப் பதம் செய்தல் ஆகிய வேலைகளுக்கு ஆள் விடுபவர் எவரும் லைசென்ஸ் இல்லாமல் இருக்கக்கூடாது. லைசென்ஸ் இல்லாதவரிடம் ஆள் வாங்குகிறவரும் குற்றவாளி என்று ஒரு பிரிவு வைத்தனர். சட்டத்துக்குப் பல் முளைத்தது அந்தப் பிரிவினாலேதான். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து நாட்கூலிச் சட்டமும் இவ்வழியிற் செல்கின்றது: வேலைக்கு அனுப்பும்பொழுது இடம், வேலை, கூலி ஆகியவற்றைச் சீட்டில் எழுதிக் கொடுக்கவேண்டும், வேலையிடத்துக்கு ஏற்றிச் செல்வதற்குப் பணம் பிடிக்கக்கூடாது, கூலி நின்றால் ஆளை வாங்கியவரும் பொறுப்பாளி. எங்கோ உள்ள சிகாகோ நகரத்துக் கிடங்குக் கூலியும் நமது நடவுக் கூலியும் ஒரே இடத்தில் ஒழுகுகின்றன என்பது வேடிக்கையன்று. நடுவே ஒருவர் நின்று இருபுறமும் வேறுவேறு விலை சொல்லக்கூடிய எவ்விடத்திலும் அப்படித்தான் ஒழுகும்.

ஆகவே நான் கேட்பது இது. கிராமப் பஞ்சாயத்து அலுவலகத்தில் மேஸ்திரிமாருக்கென ஒரு பதிவுப் புத்தகம் இருக்கவேண்டும். ஐந்து பேருக்கு மேல் ஆள் விடுபவர் எவரும் பெயர், விலாசம், வண்டி எண் ஆகியவற்றை அதில் எழுதவேண்டும். ஐந்து என்ற எண்ணை நான் கற்பனை செய்யவில்லை. 1979-ஆம் வருஷத்துச் சட்டத்தில் இருந்ததுதான். பதிவு என்பது அனுமதியன்று. எழுதியவுடன் பதிவானதாகக் கொள்ளவேண்டும். எவருடைய தயவுக்கும் காத்திருக்கும்படி வைத்தால் அந்தத் தயவுக்கு விலை ஏற்பட்டுவிடும், அந்த விலையையும் கடைசியில் நடவுக்காரியே கொடுப்பாள். குற்றம் ருசுவானால் பெயரை நீக்கும் அதிகாரம் மட்டும் கோட்டாட்சியரிடம் இருக்கட்டும். ஒரு மாநிலத்திற் பதிந்தது மற்ற மாநிலத்திலும் செல்லுமாறு, இரு பக்கத்து அதிகாரிகளும் எல்லையோரத் தாலுகாக்களுக்காகவாவது உடன்பாடு செய்துகொள்ளவேண்டும்.

வேலைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் பெயர், நாள், வேலை, கூலி எழுதிய ஒரு சிறு சீட்டு இருக்கவேண்டும். கூலியை நிலக்காரரே அவரவர் கையில், அல்லது அவரவர் வங்கிக் கணக்கில் கொடுக்கவேண்டும். மேஸ்திரியின் தரகும் வண்டி வாடகையும் வேறு, அவை நிலக்காரருடையவை, கூலியிலிருந்து காசு பிடிக்கக்கூடாது. முன்பணம் கொடுத்தால் அதுவும் அச்சீட்டில் ஏறவேண்டும். முன்பணத்தைக் காட்டி "வேறெங்கும் வேலைக்குப் போகக்கூடாது" என்று கட்டிவைப்பது 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம் என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்களே மேஸ்திரிகளுக்குச் சொல்லவேண்டும். கரும்பு வெட்டில் பலர் இதைக் குற்றமென்று அறியாமலே செய்கின்றனர். கோட்டந்தோறும் கண்காணிப்புக் குழு இருக்கவேண்டுமென்று விதித்ததும் அந்தச் சட்டமே.

கடைசியாக, பதிவில்லாத மேஸ்திரியிடம் ஆள் வாங்கிய நிலக்காரர், கூலி நின்றால் தாமே கொடுக்கவேண்டும். இதைப் படிக்கும்பொழுது நேயர்களிற் பலர் சஞ்சிகையைக் கீழே வைத்துவிடுவர் என்று எதிர்பார்க்கின்றேன். உரத்துக்கும் கொடுத்து, உழவுக்கும் கொடுத்து, கூலியை ஒருமுறை கொடுத்தபின் இரண்டாம் முறையுமா என்று கேட்பர். நான் சொல்லும் விடை இது: சீட்டு எழுதிக் கையிற் கொடுத்தவருக்கு இரண்டாம் முறை என்பதே நேராது. அவருக்குச் செலவு ஒரு காசும் கூடாது. கொடுக்கும் தொகை அதுவே, போகும் வழி மட்டும் வேறு. யாரென்று பாராமல் மொத்தமாக ஒருவர் கையில் கொட்டிவிட்டுப் போகும் சௌகரியத்துக்கே விலை கேட்கப்படுகின்றது. 1952-ஆம் வருஷத்தில் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புக்கு விதி செய்தபொழுது மிராசுதாரர்கள் எழுப்பிய ஆட்சேபணையை நினைத்துப் பார்க்கவேண்டும். விவசாயம் அதனால் நின்றுவிடவில்லை.

இவ்விதம் கெடுபிடி செய்தால் மேஸ்திரிகள் இந்தப் பக்கமே வராமல் வேறு தாலுகாவுக்குப் போய்விடுவர் என்பது இதனினும் வலுவான ஆட்சேபணை. ஒரு கிராமம் மட்டும் செய்தால் அப்படித்தான் நேரும். ஆகவேதான் இதைத் தனி மனிதரின் நேர்மைக்கு விடாமல் சர்க்கார் செய்யவேண்டுமென்கிறேன். ஆனால் மற்றொரு பக்கமும் உண்டு. 260 ரூபாய் பெறுகிற இடத்துக்கும் 400 ரூபாய் பெறுகிற இடத்துக்கும் பேதம் தெரிந்தபின் ஆள் எந்தக் கழனிக்கு வரும்? ஆட்பஞ்சம் என்று நாம் சொல்வதிற் கொஞ்சமாவது இந்தக் கசிவினால் ஏற்பட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

மேஸ்திரியே இல்லாமல் செய்துவிடலாமே என்போரும் உளர். துறைமுகக் கூலிகளுக்கு 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் வாரியங்கள் ஏற்பட்டு, ஆளை முறைவைத்து அனுப்பின. மகாராஷ்டிரத்தில் 1969-ஆம் வருஷத்து மாதாடிச் சட்டம், சுமைகூலிகளுக்கும் வியாபாரிகளுக்கும் நடுவே வாரியத்தை வைத்துக் கூலியை அதன் வழியே கொடுக்கச் செய்தது. நல்ல ஏற்பாடுகளே. ஆனால் துறைமுகம் ஓரிடத்தில் இருக்கின்றது. மூட்டை தினமும் வருகின்றது. நடவு இன்று இந்த ஏரியின் கீழ், நாளை அந்தக் கிணற்றடியில். மழை பெய்தால் எல்லாரும் ஒரே நாளில் கேட்பர். இதற்கு விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்திருக்கும் ஒருவர் தேவை. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தாமே ஆட்கட்டாகச் சேர்ந்து தங்களுக்குள் ஒருத்தியை மேஸ்திரியாக வைத்துக்கொண்டால் அதுவே எல்லாவற்றிலும் சிறந்தது. அவளும் அதே புத்தகத்தில் பெயரை எழுதட்டும்.

வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு பேர் ஏறவேண்டிய வண்டியில் பதினைந்து பேர் வருவதை நாம் தினமும் காண்கின்றோம். கவிழ்ந்தால் இறந்தவர்களின் பெயரைப் போலீசார் நம்மைத்தான் கேட்பர்; நம்மிடம் பெயர் இராது.

சர்க்கார் சட்டம் செய்யும் வரையில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மே 1-ந் தேதி கிராமசபை கூடுகின்றது. அது தொழிலாளர் தினமும் ஆகும். அன்று பதிவுப் புத்தகம் ஒன்று வைக்கத் தீர்மானம் செய்வதற்கு எந்தச் சட்டமும் தடையன்று. நான் எங்கள் கிராமத்தில் அதைப் பிரேரேபிக்க எண்ணியிருக்கின்றேன். அந்த அம்மாள் வந்துபோனபின் நடந்த களையெடுப்பில், வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக் கூலியைக் கையிலேயே கொடுத்தேன். பழைய மேஸ்திரி மனத்தாங்கலோடு விலகிவிட்டார். இப்பொழுது வருபவர் புத்தகத்தில் முதற் பெயராகத் தம் பெயரை எழுதச் சம்மதித்திருக்கின்றார். ஆனால் கூலியில் கைவைக்க வழியில்லாதபடியால் தரகைத் தலைக்கு 30 ரூபாயிலிருந்து 45 ரூபாயாக உயர்த்தவேண்டும் என்கின்றார். 40 வரை பேசியிருக்கின்றேன்.